பெட்டிக்குப் பால் காய்ச்சியவர்கள்

சுண்ணாம்புக் கால்வாய்க் கரையிலிருந்து எங்களை அள்ளிப் போடுவதற்கு முன்னால், எங்கே போய் விழ இஷ்டம் என்று எங்களை ஒருமுறை கேட்டார்கள், அதை மறைத்துப் பேசக் கூடாது. கால்வாயை அகலப்படுத்த வேண்டும், துறைமுகத்துக்கு லாரிப் பாதை போட வேண்டும், நூற்றுப் பன்னிரண்டு குடிசையும் போயே ஆக வேண்டும் என்று முடிவான பிறகு, குடியமர்வு அலுவலகத்திலிருந்து கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் வந்து, கோயில் வாசலில் துணிப்பந்தல் போட்டு, பலகை ஒன்றை நிறுத்தி, அதில் நான்கு படங்களை ஒட்டி, நான்கில் எது வேண்டுமோ அதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று மைக்கில் சொன்னார். அன்றிலிருந்து அவர் எங்களுக்குப் பலகை சார்.

முதல் படத்தில் நெடுங்குளத்து அடுக்குமாடி. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மூன்று பஸ் மாறி, இறங்கியபின் கருவேலங்காட்டுக்குள் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால், பதினோரு மாடி உயரத்துக்கு ஒரே ஜன்னலைத் திரும்பத் திரும்ப ஒட்டியது போல நிற்கும் கட்டடம். அதில் ஒரு கூடம், ஒரு அறை, சமைக்க ஒரு இடுக்கு, கக்கூஸ் உள்ளேயே. ஏற்கெனவே அங்கே போனவர்கள் சொன்னதெல்லாம் எங்கள் காதுக்கு வந்திருந்தது: லிப்ட் வாரத்தில் மூன்று நாள் ஓடும், தண்ணீர் நான்காம் மாடியோடு மூச்சு வாங்கி நின்றுவிடும், வேலைக்குப் போன பெண் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிட்டிருக்கும், எழுந்திருக்கும் முன்பே அவள் கிளம்பிவிட்டிருப்பாள். இரண்டாவது படத்தில் வீடே இல்லை, சிரிக்கிற ஒரு குடும்பம் மட்டும் இருந்தது. பதினெட்டு மாதம் வாடகைப் பணம் தருவோம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நாங்கள் பார்க்காத வாடகை வீடா. வாசலில் காலி என்று அட்டை தொங்கும், உள்ளேயிருந்து வருகிறவர் வாடகையைச் சொல்வதற்கு முன்னால் நீங்க எந்தப் பக்கத்து ஆளுங்க என்று கேட்பார், கால்வாய்ப் பக்கம் என்றதும் அந்த அட்டை தானாகத் திரும்பிக்கொள்ளும்.

மூன்றாவது சக்கரத்து வீடு. அதற்குப் படம் மட்டுமல்ல, மாதிரி ஒன்றையே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டினார்கள். பிளைவுட்டும் கண்ணாடியுமாகப் பொம்மை மாதிரி அழகாக இருந்தது, மேசையை மடித்தால் சுவர், சுவரை மடித்தால் கட்டில், ஏணியில் ஏறினால் மேலே படுக்க ஒரு பரண், அங்கே கைக்குழந்தை உட்கார்ந்தால் தலை இடிக்கும். வெளிநாட்டில் எல்லா வசதியும் உள்ளவர்களே, எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஆசைப்பட்டு இதில் போய் வாழ்கிறார்கள் என்று பலகை சார் சொன்னார். இறால் கம்பெனியில் ஓடு உரிக்கும் தவமணி, நல்ல கனத்த உடம்புக்காரி, உள்ளே போய் ஒரு சுற்றுத் திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாள்.

"சார், இதுல மேல படுத்துக்கினு இருக்கறவங்க செத்துட்டா பொணத்த எப்படி எறக்குவீங்க?"

"ஏணி இருக்கே அம்மா."

"அப்ப பொணம்தான் எறங்கி வரணும்."

சிரித்து முடிப்பதற்குள் நான்காவது படத்துக்கு வந்துவிட்டார்கள். அதுதான் பெட்டி. கப்பலில் சரக்கு வருகிற கன்டெய்னர், இருபதடி நீளம், எட்டடி அகலம், ஓய்வு பெற்றது என்று பலகை சார் சொன்னார், ஏதோ வாத்தியாரைச் சொல்வது மாதிரி. இங்கிருந்து இரண்டே கிலோமீட்டர், கன்டெய்னர் அடுக்கும் யார்டுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில், வரிசையாக நிறுத்தித் தருவார்கள்.

"ஜன்னல் உண்டா சார்?" என்றாள் தேவகி. தவமணிக்கு அடுத்த குடிசைக்காரி.

"வெட்டிக் குடுப்போம்மா."

"வெயில்ல வேகாதா?"

"மேல வெள்ளை பெயின்ட் அடிச்சிடுவோம். சூடு திரும்பிப் போயிடும்."

"எங்க திரும்பிப் போவும்?" என்றார் ஜோதிராமன். "பக்கத்துப் பொட்டிக்கா?"

ஜோதிராமன் டிரெய்லர் ஓட்டுபவர், பெண்டாட்டி விட்டுப் போய்த் தனியாக இருந்தவர், இருபது வருடமாக அந்தப் பெட்டிகளைத் தலைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு திரிந்தவர். அது ஊடு இல்ல, பொட்டி, ஒண்ண எறக்கினா இன்னொண்ண ஏத்தும், அதுக்கு யார் மேலயும் பாசம் கிடையாது என்று அவர் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. இறால் கம்பெனி நடக்கிற தூரம், துறைமுக வாசல் நடக்கிற தூரம், பள்ளிக்கூடம் மாற வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலே நூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் பிரியாமல் ஒன்றாக இருக்கலாம். பெட்டி என்று எழுதிக் கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்டோம். ஒரு வருடத்துக்குள் மனசு மாறினால் நெடுங்குளத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கப்புறம் முடியாது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. ஒன்றாக இருக்கலாம் என்பதற்காகத்தான் போட்டோம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் அதை மறந்துவிட்டோம்.

ஆவணி மாதம் நல்ல நாள் பார்த்துக் குடிபோனோம். புது வீடென்றால் பால் காய்ச்ச வேண்டும், அது ஓலையோ ஓடோ இரும்போ, பால் பொங்கினால்தான் வீடு. அதனால் நூற்றுப் பதினோரு பெட்டியிலும் ஒரே முகூர்த்தத்தில் ஸ்டவ்வைப் பலகைத் தரையில் வைத்து, கிழக்கே பொங்குகிறதா என்று குனிந்து பார்த்து, பொங்கி வழிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டோம். வழிந்த பால் பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கிப் போனது, குடித்தது போலத்தான் இருந்தது. ஜோதிராமன் மட்டும் காய்ச்சவில்லை. பொட்டிக்கு எதுக்குப் பாலு என்று வாசலில் பாய் விரித்து, கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தார்.

தேவகியும் தவமணியும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டி கேட்டு வாங்கியிருந்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. தேவகியின் மகன் லோகேசுக்குத் தவமணியின் மகள் சுகன்யாவைப் பேசி முடித்து, வெற்றிலை பாக்கு மாற்றி, தையில் கல்யாணம் என்று கரையிலேயே நிச்சயம் ஆகியிருந்தது. அதைவிடப் பழைய காரணமும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தவமணியின் புருஷன் ஏழுமலை மஞ்சள்காமாலையில் கிடந்தபோது, கடைசிப் பதினோரு நாள், தவமணி கம்பெனிக்குப் போயிருந்த நேரமெல்லாம் அவன் எடுத்த வாந்தியையும் படுக்கையில் போனதையும் தேவகிதான் தன் கையால் அள்ளிப் போட்டாள். மூக்கைச் சுளிக்கவில்லை, முந்தானையை மூக்கில் வைக்கவில்லை, அள்ளிவிட்டுக் கையைக் கழுவி அதே கையால் சுகன்யாவுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதனால்தான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் நடுப்பகலில் பெட்டிகள் வியர்த்தன. வெயில் உச்சிக்கு வந்து நின்றதும் இரும்புச் சுவரின் மடிப்புகளில் முதலில் ஈரம் கசிந்தது, பிறகு ஒரு வாசனை வந்தது, பிறகு சரக்கு வந்தது. எந்தப் பெட்டி கடைசியாக எதை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டி வந்ததோ அதை, ஒரு படி, இரண்டு படி, சில நாள் ஒரு முறம் நிறைய, மடிப்பிலிருந்து தரைக்கு உதிர்த்தது. தேவகியின் பெட்டியில் ரோஜா நிறச் சோப்பு, மெல்லிய தாள் சுற்றி, பொன் எழுத்தில் புரியாத பேர் போட்டு, கட்டி கட்டியாக வந்தது. எதிர்வரிசைப் பொன்னுரங்கத்தின் பெட்டியில் பளபளவென்று தரை டைல்ஸ். ஒருவருக்குப் பிஸ்தா, ஒருவருக்கு நோட்டுப் புத்தகம், ஒருவருக்கு வழுக்கையான பழைய டயர்த் துண்டு, ஒருவருக்குப் பொம்மைகளின் இடது கை மட்டும். ஜோதிராமனுக்கு ஒன்றும் வரவில்லை. பாலை ஊத்தி நாங்கதான் ஊட்டுக்காரங்கன்னு சொல்ட்டீங்க இல்ல, வெச்சிருக்கறதக் குடுக்குது என்றார், அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி ஆராயவில்லை.

தவமணியின் பெட்டி குப்பை ஏற்றி வந்த பெட்டி. பழைய காகிதம் என்று எழுதி, எந்த ஊரோ தன் வீடுகளில் கூட்டித் தள்ளியதை எல்லாம் கட்டி அனுப்பிய பெட்டி. முதல் நாள் சுவரிலிருந்து விழுந்தது குழந்தைக்குக் கட்டிய நாப்கின், ஊறிக் கனத்துக் கிடந்தது. பிறகு நாய்ப் படம் போட்ட தகர டப்பா, அடியில் மிச்சம் வைத்து அதில் பச்சையாய் ஏதோ பூத்திருந்தது. பல்துலக்கும் பிரஷ்கள், யாரோ குளித்த வடிகாலில் சுருண்ட மஞ்சள் மயிர், பஞ்சு ஒட்டிய பிளாஸ்திரி, கடித்துப் பாதியில் வைத்த ரொட்டி, அந்தக் கடியில் பற்களின் அச்சு. முகம் தெரியாத ஆட்களின் உடம்பு, தினமும் பன்னிரண்டு மணிக்கு, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அந்த நாற்றத்தை விவரித்தால் இதை வாசிக்கிறவர்கள் சாப்பிட முடியாது, அதனால் விடுகிறேன். தவமணியும் சுகன்யாவும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு முறத்தால் அள்ளி, பெட்டிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினார்கள், அங்கே ஒரு மேடு வளர்ந்தது.

யாரும் மயங்கி விழவில்லை, யாரும் சாமி ஆடவில்லை. வாசலுக்கு வந்து ஒருவரையொருவர் கேட்ட முதல் கேள்வி: உனக்கு இன்னா வந்துச்சு?

பலகை சார் வந்து பார்த்தார். தேவகி வீட்டுச் சோப்பை எடுத்து முகர்ந்து, கூடுதல் வசதி என்று கோப்பில் எழுதிக்கொண்டு, சோப்பைப் பையில் போட்டுக்கொண்டார். தவமணி வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்று, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாத பயனாளி என்று எழுதினார்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் மெதுவாகத்தான் நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அடையாளத்துக்காகச் சொன்னோம், எந்தச் செல்வி, நோட்டு வீட்டுச் செல்வியா டயர் வீட்டுச் செல்வியா என்று. அப்புறம் டயர் வீட்டுக்காரர்கள் பிஸ்தா வீட்டுக்கு வந்தால் வாசலில் உட்கார்ந்தார்கள், யாரும் சொல்லவில்லை, டயர் கறுப்பு ஒட்டிக்கொள்ளுமே என்று அவர்களாகவே உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒரே ஒரு தெருக்குழாய் என்பதால் வரிசை வேண்டியிருந்தது, வரிசை வந்ததும் யார் முதலில் என்ற கேள்வி வந்தது, சோப்பு வீடுதான் சுத்தம், அது முதலில் பிடிக்கட்டும் என்று சொன்னது யார் என்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. அதன்பின் டைல்ஸ், அதன்பின் பிஸ்தா, நோட்டு, டயர், பொம்மைக் கை, எல்லோரும் பிடித்து முடித்துக் குழாய் இருமத் தொடங்கும்போது தவமணி. பொன்னுரங்கம் சங்கம் ஆரம்பித்துத் தலைவர் ஆனார். சோப்பு வீட்டுக்காரர்கள் போன பிறவியிலும் சுத்தமாக இருந்தவர்கள் என்று பேசிக்கொண்டார்கள். கார்த்திகைக்குள் டயர் வீட்டுப் பெண்ணைப் பொம்மைக் கை வீட்டுக்குக் கேட்டபோது, எங்க சரக்குக்கு அது சரி வராது என்று டயர் வீட்டில் சொல்லியனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒரே சாக்கடையில் கால் கழுவிய ஜனங்கள்.

சரக்கே இல்லாத ஜோதிராமனை எங்கே வைப்பது என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. சங்கத்தில் மூன்று கூட்டம் அதைப் பற்றியே பேசினோம்.

தேவகி முதலில் கொஞ்ச நாள் பழையபடியே வந்துபோனாள். அப்புறம் வாசல் வரை வந்தாள். அப்புறம் தன் வாசலிலிருந்து பேசினாள். ஒரு நாள் சுகன்யா குழம்பு கொண்டுபோனபோது, கிண்ணத்தை வாங்காமல், அங்க வெச்சிட்டுப் போம்மா என்று தரையைக் காட்டினாள். சுகன்யா கிண்ணத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.

தவமணியே போய்க் கேட்டாள். "இன்னாடி, உன் கைக்கு இன்னா ஆச்சு?"

"கைக்கு ஒண்ணும் இல்ல, தவம். அந்த நாத்தம்தான். கொமட்டுது."

"அவரு கெடந்தப்ப கொமட்டலையே."

"அது நம்ம ஆளு. இது யாரோடதோ." தேவகி தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தை வேணாம்னு பாக்கறேன். பங்குனியில வெச்சுக்கலாம். கொஞ்சம் இது அடங்கட்டும்."

அடங்கவில்லை. லோகேசு ஒரு நாள் சுகன்யா வேலை செய்யும் மருந்துக்கடை வாசலில் வந்து நின்று, பைக் சாவியைச் சுற்றிக்கொண்டே பேசினான்.

"அம்மா சொல்றதும் ஒரு நியாயம்தான. நாளைக்கு நமக்குப் பசங்க பொறந்தா, எந்த வீட்டுப் பசங்கன்னு கேப்பாங்க இல்ல."

"கேப்பாங்க. நீ இன்னா சொல்லுவ?"

அவன் பைக் பக்கம் திரும்பினான்.

"போ. தலைவலி மாத்திர வாங்க வந்தேன்னு சொல்லிக்கோ, யாராச்சும் பாத்தா," என்றாள் சுகன்யா.

மார்கழி பாதியில், ஒரு காலை, இறால் கம்பெனியில் ஐஸ் மிஷின் நின்றுபோய், ஐந்து மணிக்குப் போன பெண்களை ஏழு மணிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தவமணி வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தபோது மேட்டின் அருகே தேவகி நின்றிருந்தாள். கையில் ஒரு வாளி, வாளி மேல் ஈரச்சாக்கு. தவமணியைப் பார்த்ததும் வாளியை மறைப்பதற்காக முன்னால் வந்து நின்றாள், சின்ன வாளியும் இல்லை, மறைக்கவும் முடியவில்லை.

தவமணி சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். உப்புப் போட்ட பச்சைத் தோல். மயிரோடு, ஓரத்தில் கொழுப்பு தொங்க, புழு நெளிய, ஆடோ மாடோ ஏதோ உயிரிலிருந்து உரித்த தோல். தன் மேட்டில் பத்து நாளாக அடியில் மயிரும் தோலுமாகக் கிடந்தது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தன் பெட்டி தோல் போட்டதில்லையே என்று அவளும் யோசித்திருந்தாள்.

"சோப்பு நின்னு போச்சு, தவம்," என்றாள் தேவகி. "அதுக்கடியில இதுதான் இருந்திருக்குது. ஜோதி அண்ணன் அன்னிக்கே சொல்லிச்சு, ஒண்ண எறக்கினா இன்னொண்ண ஏத்தும்னு. கடைசியா ஏத்துனது மொதல்ல வந்துச்சு, இப்ப அதுக்கு முன்ன ஏத்துனது வருது." அவள் தன் கையை முகர்ந்து பார்த்தாள். "இருக்கற சோப்பத் தேச்சித் தேச்சிக் குளிக்கிறேன். போவ மாட்டேங்குது. யாருகிட்டயும் சொல்லாதடி."

தவமணி வாளியை வாங்கினாள். வெறுங்கையால் தோலை எடுத்து மேட்டின் நடுவில் போட்டு, மேலே தன் வீட்டு நாப்கினும் டப்பாவும் இழுத்து மூடினாள். "என் குப்பையோட குப்பையா கெடக்கட்டும். நாளையிலேர்ந்து வாளிய இங்கயே வெச்சிட்டுப் போ, நான் கொட்டறேன்."

"மாசியில நம்ம புள்ளைங்களுக்கு முடிச்சிரலாம், தவம். நான் பேசறேன்."

அன்று சாயங்காலம் தவமணி மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள், வெகுநாளைக்குப் பிறகு. காலையில் நடந்ததை எல்லாம் சொன்னாள். சுகன்யா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, நாளைக்குக் கொழாய்ல பாக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் குழாயில், தண்ணீர் பிடித்துத் திரும்பிய தேவகியின் குடத்தில், வரிசைக் கடைசியில் நின்ற தவமணியின் குடம் லேசாக இடித்தது. நாங்கள் நாற்பது பேர் இருந்தோம். தேவகி நிறைந்த குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள், இடுப்பில் செருகியிருந்த ரோஜா நிறச் சோப்பை எடுத்து, அனேகமாக அதுதான் அவளிடம் மிச்சமிருந்த கடைசிக் கட்டி, குடத்தை உள்ளும் புறமும் தேய்த்தாள். தவமணி குடம் பட்டால் மற்றவர்கள் தேய்ப்பதை விடக் கூடுதலாகத் தேய்த்தாள். நுரை தவமணியின் காலடி வரை வந்தது. அந்த வாரமே பொன்னுரங்கத்தின் மகளுக்கும் லோகேசுக்கும் தை பிறந்ததும் பூ வைக்கப் போகிறார்கள் என்று சங்கத்து மைக்கில் சொன்னார்கள்.

அதற்கு நாலாம் நாள் தவமணியின் பெட்டியில் குப்பை நின்றது. நடுப்பகலில் சுவர் வியர்த்தது, வாசனை ஏதும் வரவில்லை. மடிப்பிலிருந்து பஞ்சு இறங்கியது. கொட்டை எடுத்த சுத்தமான பஞ்சு, வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை எங்கள் யாருடைய துணியிலும் கிடையாது, சத்தமில்லாமல், முழங்கால் உயரத்துக்கு. தவமணி அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். சோப்பை விட, டைல்ஸை விட மேலான சரக்கு அது என்று அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்தால் போதும், தேவகி தட்டோடு வந்து நிற்பாள், குழாயில் முதல் இடம் கிடைக்கும், கல்யாணம் நடக்கும்.

"தெறக்கவா?" என்று மகளைக் கேட்டாள். "உன் இஷ்டம்தான். உனக்கு அவன்தான் வேணும்னா இப்பவே தெறக்கறேன்."

சுகன்யா ஒரு பிடி பஞ்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு அவன் வேணும்தான். பஞ்சப் பாத்தா வருவான். இதுக்கடியில இன்னா இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அது வர்ற அன்னிக்கு என்னைத் தள்ளி வெப்பான். இல்ல, அவுங்க அம்மா மாதிரி வாளிய மூடிக்கினு காலம்பற காலம்பற நான் எவ வீட்டுப் பின்னாடியாச்சும் போய்க் கொட்டணும்." பஞ்சைக் கீழே போட்டாள். "கொமட்டுதும்மா. அந்தக் குப்பைக்குக் கூட எனக்கு இப்படிக் கொமட்டல."

தவமணி அன்றே குடியமர்வு அலுவலகத்துக்குப் போய் நெடுங்குளத்துக்கு மாற்றி எழுதிக்கொடுத்தாள். ஒன்பதாம் மாடி. மூன்று பஸ் மாற முடியாது என்பதால் இறால் கம்பெனி வேலை போகும், சுகன்யாவின் மருந்துக்கடை வேலையும் போகும். நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்தில் ஒன்றாக இருப்பதை விட்டு, ஒருவரையும் தெரியாத பதினோரு மாடிக்குள் போவது. நன்றாக நிறுத்துப் பார்த்துத்தான் போனாள். பெட்டியை விட அது நல்ல வீடு என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை.

அவர்கள் கிளம்பிய நாளும் லோகேசுக்குப் பூ வைக்கும் நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது. ஜோதிராமன் யாரிடமோ குட்டியானை வண்டி கேட்டு வாங்கி, பீரோவும் பாயும் பாத்திரமும் ஏற்றி, மெதுவாகத் தெருவில் ஓட்டி வந்தார். தேவகி வீட்டு வாசலில் பந்தல் போட்டு, நாங்கள் எல்லோரும் எங்கள் எங்கள் சரக்குக்கு ஏற்ற நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். வண்டியை நிறுத்தச் சொல்லித் தவமணி இறங்கினாள். பட்டுப்புடவையில் நின்ற தேவகியின் முகம் வெளுத்துப்போனது எங்களுக்குத் தெரிந்தது, எதற்கென்று தெரியவில்லை.

"தேவகி, ஒரு சொம்பு தண்ணி குடு."

பொன்னுரங்கம் தொண்டையைக் கனைத்தார். தேவகி உள்ளே போய்ச் சொம்பு கொண்டுவந்தாள். சொம்பை நீட்டவில்லை. தவமணி இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து ஏந்தினாள், தேவகி தோளுயரத்துக்குத் தூக்கி, படாமல், மேலேயிருந்து ஊற்றினாள். தண்ணீர் குவிந்த கையில் விழுந்து விரலிடுக்கில் ஒழுகித் தரைக்குப் போனது. தவமணி ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை. சொம்பு காலியாகும் வரை ஏந்தியிருந்துவிட்டு, அந்த ஈரக்கையால் தேவகியின் இரண்டு கன்னத்தையும் தடவினாள்.

"நல்லா இரு," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பந்தல் அங்கேயே சரிந்திருக்கும்.

வண்டி திரும்புவதற்குள் தேவகி, பட்டுப்புடவையோடு, எல்லோரும் பார்க்க, வாசலிலேயே நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

ஜோதிராமன் மறுநாள்தான் திரும்பி வந்தார். லிப்ட் ஓடவில்லை, பீரோவை ஒன்பது மாடி தூக்கியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பால் பாக்கெட்டோடு வந்து, இன்னும் பால் காய்ச்சலையா என்று கேட்டாளாம், கேட்டுவிட்டு, நீங்க எந்தக் கரையிலேர்ந்து வர்றீங்க என்று அடுத்து கேட்டாளாம். பாலு வேணாம்க்கா என்று சொல்லிவிட்டு, சுகன்யா கறுப்பு டீ போட்டு, நான்கு பேருக்கு ஊற்றி, முதல் டம்ளரை அந்தப் பெண்ணிடம் நீட்டினாளாம்.

"வாங்கினாளா?" என்று கேட்டோம்.

"நான் எறங்கி வர்ற வரைக்கும் டம்ளர் சுகன்யா கையிலதான் இருந்துச்சு," என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கடல்காற்று அடித்தபோது, தவமணி பூட்டாமல் விட்டுப்போன கதவு திறந்துகொண்டு, பஞ்சு தெருவெல்லாம் பறந்தது. கூரைகளில் படிந்தது, பந்தல் கால்களில் ஒட்டியது, குழாயடியில் நின்றவர்களின் தலையில் இறங்கியது. இதை வைத்துக்கொண்டுதான் அவள் கதவைத் திறக்காமல் போனாள் என்று எல்லோருக்கும் விளங்கியது. உடனே சங்கம் கூடி, அந்தக் காலிப் பெட்டிக்குப் பஞ்சு வீடு என்று பேர் மாற்றி, குழாயில் முதல் இடம் அதற்கு என்று தீர்மானம் போட்டது. அதில் இருக்க ஆள் இல்லை, இருந்தாலும் தினமும் முதலில் ஒரு குடம் நேரம் தண்ணீரைச் சும்மா ஓடவிட்டு, பிறகுதான் மற்றவர்கள் பிடிக்கிறோம்.

ஆனால் பெட்டிக்குப் பின்னால் இருந்த மேடு குறையவில்லை. ஆள் போய் ஒரு மாதம் ஆகியும் வளர்ந்தது, அவர்கள் இருந்தபோது வளர்ந்ததை விட வேகமாக வளர்ந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பிஸ்தா நின்றுபோய் ஒன்றரை மாதம் ஆகிறது, இப்போது வருவது என்ன என்று சொல்ல மாட்டேன். இன்று காலை ஈரச்சாக்கு போட்டு மூடிய வாளியோடு பின்பக்கம் போனபோது எனக்கு முன்னால் வரிசை நின்றிருந்தது. எல்லோர் வாளியும் மூடியிருந்தது, எல்லோர் முகமும் வேறு பக்கம் திரும்பியிருந்தது. சோப்பு வீடு முதலில், அடுத்து டைல்ஸ். எனக்குப் பின்னால் வந்த டயர் வீட்டுக்காரர், எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு வாளி இடம் விட்டு நின்றுகொண்டார்.